எந்த மாசம் வேலை இருக்காது என்று கேட்கச் சொல்லுங்கள்

நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன். பாளையங்கோட்டையில் குடியிருக்கிறீர்கள். மகள் எட்டாம் வகுப்பு, மகன் நான்காம் வகுப்பு. மே மாதம் இரண்டு பேரையும் ஒரு கோடை முகாமில் சேர்த்தீர்கள். ரோபோ, அபாகஸ், ஓவியம் என்று இருபது நாள் போய்வந்தார்கள், பள்ளி திறந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. வருடம் முழுக்கப் பிள்ளைகள் எதையாவது கற்றுக்கொள்கிற மாதிரி, உலகத்தில் என்னென்ன வேலைகள் இருக்கின்றன என்று அவர்களுக்குத் தெரிகிற மாதிரி நம் பக்கம் ஏதாவது உண்டா என்பது கேள்வியின் முதல் பாதி. கடைசி வரியில் இன்னொன்றும் இருக்கிறது. மகள் எந்தத் துறைக்குச் சரிப்படுவாள் என்று இப்போதே எப்படித் தெரிந்துகொள்வது, விரல்ரேகை எடுத்துச் சொல்கிறார்களே, அதற்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதிக்கு என்னால் நிறையச் சொல்ல முடியும். இரண்டாவதற்குச் சொல்ல முடிவது கொஞ்சம்தான். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நான் 31 வருடம் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் அறிவியல் ஆசிரியையாக இருந்தவள். ஆறாம் வகுப்பு முதல் பத்து வரைதான் என் அனுபவம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாற்பது பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி அணை, நூற்பாலை, அருங்காட்சியகம், கோயில், அறிவியல் மையம் என்று ஒரே நாளில் ஐந்து இடம் காட்டினேன். மறுநாள் எழுதச் சொன்ன கட்டுரைகளில் பேருந்தும் புளியோதரையும்தான் இருந்தன. ஒரே ஒரு பிள்ளை மட்டும், நூற்பாலையில் அறுந்த இழையை ஒரு அக்கா இரண்டு விரலால் முறுக்கி ஒட்டியதைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தாள். விசாரித்தேன். அந்த அக்கா அவளுக்குப் பக்கத்துத் தெருவாம். மற்றவர்கள் வரிசையில் நகர்ந்தபோது இவள் மட்டும் நின்று பேசியிருக்கிறாள். அன்று நான் கற்றுக்கொண்டதை வைத்துத்தான் பிறகு வந்த வருடங்களை ஓட்டினேன். பிள்ளைகளுக்கு இடத்தைக் காட்டுவதை விட்டுவிட்டு, ஓர் ஆளையும் அவர் கையில் இருக்கிற வேலையையும் காட்ட ஆரம்பித்தேன்.

நம் பக்கத்துக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. மேற்கே பொதிகை, நடுவே தாமிரபரணி, தெற்கே தேரி என்கிற செம்மணல் மேடும் பனங்காடும், அதற்கப்பால் கடல். தென்மேற்குப் பருவம் மலைக்குப் பெய்கிறது, வடகிழக்குப் பருவம் ஊருக்குப் பெய்கிறது. இதனால் இங்கே பெரும்பாலான வேலைகளுக்கு மாதம் உண்டு. அந்த மாதத்தில் போனால் வேலை நடக்கும், வேறு மாதத்தில் போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்கலாம். அதனால் வருடத்துக்கு ஆறோ ஏழோ போதும். ஒரு பருவத்துக்கு ஒரு வேலை, ஒரு வேலைக்கு ஓர் ஆள், அரை நாள். போகிற இடத்தில் பிள்ளைகள் நாலு கேள்வி கேட்கட்டும். இன்றைக்குக் காலையில் முதலில் என்ன செய்தீர்கள்? இதை யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்? இதில் ரொம்பக் கஷ்டமானது எது? எந்த மாசம் உங்களுக்கு வேலை இருக்காது? கடைசிக் கேள்வியை மட்டும் விட்டுவிட வேண்டாம். எந்த வேலைவாய்ப்புக் கையேட்டிலும் இல்லாத பாடம் அதில் இருக்கிறது. சம்பளம் மாதாமாதம் வருகிற வீட்டுப் பிள்ளைக்கு, வருமானம் மழையைப் போல வந்து போகும் என்பது அந்தக் கேள்வியில்தான் முதன்முதலாக உறைக்கும்.

இப்போது ஆடி பிறந்துவிட்டது. பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்திருந்தால் ஆற்றங்கரை வயல்களில் கார் பருவ நெற்பயிர் நிற்கும். அம்பாசமுத்திரத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937 முதல் இருக்கிறது. நம் வீடுகளில் 'அம்பை 16' என்று சொல்கிறோமே, அந்த நெல் அங்கிருந்து வந்ததுதான். சாப்பிடுகிற சோற்றுக்குப் பின்னால் ஓர் ஆராய்ச்சியாளர் இருந்திருக்கிறார் என்று சொன்னாலே பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். கூடவே இது காற்றுக் காலமும். கயத்தாறு, பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலைகள் முழுமூச்சாகச் சுற்றுவது இப்போதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று மகனை எண்ணச் சொல்லுங்கள். தை மாதம் அதே இடத்தில் நின்று மறுபடி எண்ணட்டும். மகளிடம் வேறொன்று சொல்லலாம். அந்தக் கோபுரத்தின் உச்சிக்கு ஏறிப் பழுது பார்க்கிறவர் பலரும் ஐடிஐயிலோ பாலிடெக்னிக்கிலோ படித்துவிட்டு வந்தவர்கள்.

அடுத்தது காசே செலவில்லாதது, தேதி மட்டும் தவறக் கூடாது. ஆகஸ்ட் 30 அல்லது 31, நண்பகல் 12.20 வாக்கில் திருநெல்வேலியில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். மாடியில் சமதளமாக ஓரிடம் பார்த்து ஒரு டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். பதினொரு மணியிலிருந்தே நிழல் சுருங்குவதைச் சாக்கட்டியால் குறித்துக்கொண்டே வரலாம். 12.20க்கு நிழல் டம்ளருக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 8.7 பாகையில் இருப்பதால் இது வருடத்துக்கு இரண்டு நாள் மட்டும் நடக்கும். இன்னொரு நாள் ஏப்ரல் 12 வாக்கில், சித்திரை பிறப்பதற்கு ஓரிரு நாள் முன்னால் வரும். சென்னையில் இருக்கிற சித்தி வீட்டுப் பிள்ளைக்கு அதே நிகழ்வு ஆகஸ்ட் 18லேயே வந்து போய்விடும். இரண்டு வீட்டுக்கும் ஃபோன் போட்டு இந்தப் பன்னிரண்டு நாள் வித்தியாசம் ஏன் என்று பிள்ளைகளையே பேசவிட்டால், பூமி உருண்டை என்பதைப் புத்தகம் இல்லாமலே வந்தடைவார்கள். இதைச் செய்த வருடங்களில் பகல் பன்னிரண்டரை வெயிலில் வகுப்பே தரையில் குந்தி, ஒரு டம்ளரைச் சுற்றி மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

புரட்டாசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ வருகிற ஆயுத பூஜையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வேலைகளைப் பிள்ளைகளுக்குக் காட்ட வருடத்தில் இதைவிட நல்ல நாள் எனக்குத் தெரிந்து இல்லை. மற்ற நாளில் ஒரு கடைசல் பட்டறைக்கோ, அச்சகத்துக்கோ, தச்சுப் பட்டறைக்கோ பிள்ளையைக் கூட்டிப்போனால் அவர்களுக்கு இடைஞ்சல், பிள்ளைக்கும் ஆபத்து. அன்றைக்கு எந்திரங்கள் ஓடாது. தரை கழுவியிருக்கும். கருவிகளை எல்லாம் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்து வரிசையாக அடுக்கியிருப்பார்கள். வருகிறவர்களுக்குப் பொரிகடலை கொடுக்க ஆள் நிற்கும். பேச நேரமும் மனதும் இருக்கிற நாள் அது.

ஒரு வருடம் என் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரை ஒரு தச்சுப் பட்டறைக்கு அழைத்துப்போனேன். வாழையிலையில் உளிகள் மட்டும் பதினோரு தினுசு இருந்தன. ஒரு பையன் எல்லாம் ஒன்றுபோலத்தானே இருக்கிறது என்று கேட்டான். பட்டறைக்கார அண்ணாச்சி சிரித்துவிட்டு, ஒரு பலகைத் துண்டை எடுத்துவைத்து, பூஜை முடிந்துவிட்டது, ஒரு தடவை செய்யலாம் என்று ஓர் உளியால் ஒரு கீறல் போட்டார். அடுத்த உளியால் அதே இடத்தில் இன்னொரு கீறல். முதலாவது தட்டையாக இறங்கியது, இரண்டாவது குழிவாக. "ஒவ்வொண்ணும் ஒரு வேலைக்குப் பொறந்தது, மாத்திப் போட்டா மரம் கோவிச்சுக்கிடும்லா" என்றார். அன்றைக்கு அந்தப் பையன் வீட்டுக்குப் போய்ப் பதினோரு உளியையும் நினைவிலிருந்து வரைந்துகொண்டுவந்தான். வகுப்பில் அதுவரை ஒரு படம்கூட ஒழுங்காக வரையாத பையன். நீங்கள் போகும்போதும் இதையே செய்யுங்கள். ஒவ்வொரு கருவியின் பெயரையும் அங்கே சொல்கிறபடியே எழுதச் சொல்லுங்கள், பக்கத்தில் அது என்ன செய்யும் என்று ஒரு வரி. அச்சகத்தில், மோட்டார் பட்டறையில், தையல் கடையில், டவுன் பக்கம் நகைப் பட்டறையில் என்று வருடத்துக்கு ஒன்று போனாலே மகள் பத்தாவது முடிப்பதற்குள் மூன்று தொழிலின் மொழி அவளுக்குத் தெரிந்திருக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் போத்தலின் தலையை வெட்டிக் கவிழ்த்து வைத்தால் மழைமானி. அடிப்பாகம் மேடுபள்ளமாக இருந்தால் அதுவரை கூழாங்கல்லும் தண்ணீரும் நிரப்பி, அதற்கு மேல்தான் அளவுகோலை ஒட்ட வேண்டும். தினமும் காலை எட்டரைக்கு அளந்து எழுத வேண்டும், ஏனென்றால் அரசுக் கணக்கும் அந்த நேரத்தில்தான் முடிகிறது. மறுநாள் செய்தித்தாளில் பாபநாசம், மணிமுத்தாறு, ஊத்து, நாலுமுக்கு, பாளையங்கோட்டை என்று மழையளவு போடுவார்கள். நம் மாடிக்கு 12 மில்லிமீட்டர் பெய்த நாளில் மலைமேல் இருக்கிற ஊத்து எஸ்டேட்டுக்கு எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்த்தால், ஆறு ஏன் வற்றாமல் ஓடுகிறது என்பதற்கு விடை கையிலேயே இருக்கும். 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்ததை உங்கள் பிள்ளைகள் மறந்திருக்க மாட்டார்கள். ஆற்றுத் தண்ணீர் திருநெல்வேலி ஜங்ஷனுக்குள் வந்ததைப் பார்த்த பிள்ளைகளுக்கு வானிலை ஆய்வாளர், நீர்வளத் துறைப் பொறியாளர் என்பதெல்லாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற பெயர்கள் இல்லை.

அதோடு ஒட்டியே இன்னொன்று. உங்கள் பக்கம் போகிற பாளையங்கால்வாய் எங்கே பிறக்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். பெரியவர்களில் பலருக்கே தெரியாது. தாமிரபரணியில் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் இருக்கின்றன. பழவூர் அணைக்கட்டில் இருந்து பிரிவதுதான் பாளையங்கால்வாய், சுத்தமல்லியில் இருந்து பிரிவது நெல்லைக் கால்வாய். மழை ஓய்ந்த ஒரு நாள் அணைக்கட்டில் தொடங்கி வீட்டுப் பக்கம் வரைக்கும் வண்டியில் கால்வாயைப் பின்தொடர்ந்து வாருங்கள். அணைக்கட்டில் பளிங்காகப் பிரிகிற தண்ணீர் நம் தெருவுக்கு வரும்போது என்ன நிறத்தில் இருக்கிறது, எந்த இடத்தில் நிறம் மாறியது என்று மகள் குறித்துக்கொண்டே வரட்டும். வழியில் மடையைத் திறக்கிற ஆளைப் பார்த்தால் இறங்கிப் பேசுங்கள். இதை ஒருமுறை செய்த பிள்ளை அதற்குப் பிறகு கால்வாயில் குப்பை போடுவதை நான் பார்த்ததில்லை.

மார்கழியில் காருகுறிச்சிக்குப் போகலாம். பொங்கல் பானை வேலை மும்முரமாக நடக்கும். மழை பெய்தால் பானை காயாது, காயாவிட்டால் சூளை வைக்க முடியாது, பொங்கலோ யாருக்கும் காத்திருக்காது. இந்த மூன்றுக்கும் நடுவே ஒரு குடும்பம் எப்படிக் கணக்குப் போடுகிறது என்பதைக் கேட்டால் மகளுக்கு வணிகவியலின் முதல் பாடம் அங்கேயே கிடைத்துவிடும். தை, மாசியில் கூந்தன்குளம். வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி அங்கே வருகிறது, கூழைக்கடாவும் நாரையும் ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர். பறவை எச்சம் கலந்த குளத்துவண்டலை வயலுக்கு உரமாக எடுத்துக்கொள்வார்கள். நம் மாவட்டக் குளங்களில் 2011 முதல் ஜனவரி மாதத்தில் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, மணிமுத்தாறில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் முன்னின்று நடத்துகிறது. பொதுமக்களும் சேர்ந்துகொள்ளலாம். பைனாகுலர் பிடிக்கத் தெரிந்தால் போதும், பெயர் சொல்லிக் கொடுக்கக் கூடவே ஆள் வரும். மகளை அவசியம் அனுப்புங்கள்.

இனி பனை. மாசி தொடங்கி ஆனி வரைக்கும் பதநீர்க் காலம். திசையன்விளை, உடன்குடிப் பக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லிவைத்து, விடியுமுன்னே போய்விட வேண்டும். நான் கூட்டிப்போன இடத்தில் ஒரு பெரியவர். மரத்தைக் கட்டிக்கொண்டு ஏறியவர் உச்சியில் மட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, பாளை நுனியை மெல்லிசாக, வெங்காயத் தோல் கனத்துக்குச் சீவினார். அது விழுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை. கலயத்தோடு கீழே இறங்கியதும் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே சுவரெல்லாம் வெள்ளையாகச் சுண்ணாம்பு. அது எதற்குத் தாத்தா என்று ஒருத்தி கேட்டாள். "சுண்ணாம்பு தடவலைன்னா மத்தியானத்துக்குள்ள புளிச்சிரும் தாயி, அப்புறம் அது பதினி இல்ல, கள்ளு" என்றார். நொதித்தல், காரம், அமிலம் என்று நான் மூன்று பாட வேளை எடுத்ததை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். அடுத்தது அடுப்படி. பதநீர் காய்ந்து குறுகி, நிறம் மாறி, கூப்பனி என்கிற பாகாகி, அப்புறம் பதம் வருகிறது. அந்த அம்மா ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்றார். வெப்பமானி இல்லை, கடிகாரம் இல்லை. பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது.

எந்த மாசம் வேலை இருக்காது என்று எங்கள் பிள்ளைகள் அவரிடமும் கேட்டார்கள். பெரியவர் விரல்விட்டு எண்ணி, ஆறு மாசம் மரம், ஆறு மாசம் கடன் என்றார். அவருடைய மகன்கள் இரண்டு பேரும் மரம் ஏறவில்லை, வெளியூரில் கடை வேலை. அதைச் சொன்னபோது அவர் முகத்தில் வருத்தமும் இருந்தது, நிம்மதியும் இருந்தது. ஒரு தொழில் ஏன் குறைகிறது என்பதற்கு எந்தப் பாடநூலிலும் நான் அதைவிடத் தெளிவான பதிலைப் பார்த்ததில்லை. திரும்பும்போது கொதிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் பிள்ளைகள் போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள், கருப்பட்டி வாங்கும்போது பேரம் பேசாதீர்கள்.

பத்தமடை உங்களுக்குப் பக்கம்தான். கோரையை வெட்டி, கீறி, காயவைத்து, ஓடுகிற ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, மயிரிழையாகப் பிளந்துதான் பட்டுப்பாய் நெய்கிறார்கள். நெய்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தருகிற அந்த வேலையை மகள் பார்க்கட்டும். ஒரு பாய்க்கு எத்தனை நாள், என்ன விலை என்று கேட்டு, ஒரு நாளைக்கு எவ்வளவு வருகிறது என்று வகுத்துப் பார்க்கட்டும். கணக்குப் போட்டு முடித்த பிறகு அவளே ஏதாவது கேட்பாள். அதற்கு நாம் முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டாம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொக்கிரகுளத்து மாவட்ட அறிவியல் மையம் 1987 முதல் இருக்கிறது. மகன் வயசுக்கு மிக நல்ல இடம். ஒரே நாளில் முழுக்கப் பார்க்காமல் நாலு தடவையாகப் போங்கள். ஆதிச்சநல்லூர் திருச்செந்தூர்ச் சாலையில்தான் இருக்கிறது. 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டினார், பிறகு அலெக்சாண்டர் ரீ. இறந்தவர்களைப் புதைத்த முதுமக்கள் தாழிகளை, தோண்டிய இடத்திலேயே பார்க்கலாம். மகேந்திரகிரியில் உள்ள இஸ்ரோ மையத்தில் ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சின்களை, அதாவது கடுங்குளிரில் திரவமாக்கிய எரிபொருளில் ஓடுகிற எஞ்சின்களை, சோதிக்கிறார்கள். நினைத்த நேரம் உள்ளே போகிற இடம் இல்லை அது, ஆனால் அக்டோபர் 4 முதல் 10 வரை உலக விண்வெளி வாரம், அந்தச் சமயத்தில் பள்ளிகளுக்கான நிகழ்ச்சிகள் இருக்கின்றனவா என்று மகளின் ஆசிரியர் மூலம் விசாரியுங்கள். அவள் ஒன்பதாவது போனதும் பள்ளிப் பிள்ளைகளுக்கான இஸ்ரோவின் இளம் விஞ்ஞானி திட்டமான யுவிகாவுக்கு விண்ணப்பிக்கலாம், 2019இல் தொடங்கியது. கடல் பக்கம் என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. தூத்துக்குடியில் படகுகள் கரையேறி, எஞ்சின் பிரித்து, பலகை மாற்றி, சாயம் பூசுவதைப் பார்க்க அந்த மே விடுமுறைதான் வாய்ப்பு.

இவ்வளவும் சொல்லும்போது என் மனதில் வேறு சில பிள்ளைகளும் இருக்கிறார்கள். லீவுல என்ன செஞ்சீங்க என்று ஜூன் மாதம் வகுப்பில் கேட்டால், முதல் வரிசையில் இருந்த பெண்பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அம்மாவோடு உட்கார்ந்து, மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றியிருப்பார்கள். இலை வெட்டி, தூள் வைத்து, நூல் கட்டிக் கட்டி அந்த ஆள்காட்டி விரல் தடித்திருக்கும். வேலையைப் பார்ப்பதும் வேலையில் மாட்டிக்கொள்வதும் வேறு வேறு. சட்டமும் இதைச் சொல்கிறது. 1986இல் வந்து 2016இல் திருத்தப்பட்ட சட்டப்படி 14 வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது. சொந்தக் குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத உதவி மட்டும்தான் செய்யலாம். 18 வரை ஆபத்தான வேலை கூடவே கூடாது. அதனால் பட்டறைக்கோ சூளைக்கோ போனால் பிள்ளைகள் பார்க்கட்டும், பேசட்டும், ஒரு நிமிடம் தொட்டுப் பார்க்கட்டும். அனுபவம் என்ற பெயரில் ஒரு வாரம் அங்கே விடுவது வேண்டாம். காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போக வேண்டாம், ஆற்றில் ஆழம் தெரியாத இடத்தில் இறங்க வேண்டாம்.

இன்னொன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் ஒவ்வொரு தொழிலின் பெயரோடும் ஒரு சாதியின் பெயரை ஒட்டிப் பேசுகிற பழக்கம் இருக்கிறது. பிள்ளை காலையில் அந்தப் பெரியவரின் கையைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கும். திரும்பி வரும்போது வண்டியில் நாம் அவங்க ஆட்கள்தான் இதையெல்லாம் செய்வாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் அரை நாளும் வீண். போனது ஒரு வேலைக்காரரை, ஒரு நிபுணரைப் பார்க்க. தாத்தா, அண்ணாச்சி, அக்கா என்று முறை சொல்லிக் கூப்பிட்டு, நேரம் கொடுத்ததற்கு நன்றி சொல்லி, விற்கிற பொருள் இருந்தால் வாங்கி வர வேண்டும். கேட்காமல் படம் எடுக்கக் கூடாது.

இனி மகளைப் பற்றிய கேள்வி. விரல்ரேகையை வைத்து அறிவுத்திறனையோ தொழிலையோ சொல்வதற்கு அறிவியல் அடிப்படை கிடையாது. அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. கேள்வித்தாள் வைத்து எடுக்கிற ஆர்வச் சோதனைகள் அதைப் போல இல்லை, அவற்றுக்குப் பின்னால் ஆய்வு உண்டு. ஆனால் பதின்மூன்று வயதில் அவை சொல்வது அந்த வருடத்து ஆர்வத்தை மட்டும்தான். என் பிள்ளைகளில் எட்டாவதில் டாக்டர் என்று எழுதியவர்கள் பத்தாவதில் வேறு எழுதினார்கள். அதுதான் இயல்பு. எட்டாம் வகுப்பில் முடிவு எடுக்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் கிளைவழி பத்தாவதுக்குப் பிறகுதான். பதினொன்றில் கணிதம் இல்லாத பிரிவை எடுத்தால் பொறியியல் கிட்டத்தட்ட மூடிவிடும், உயிரியல் இல்லாவிட்டால் மருத்துவமும் கிட்டத்தட்ட மூடிவிடும். பத்தாவது முடித்து மூன்று வருடப் பாலிடெக்னிக் போனால் பிறகு பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர வழி உண்டு. ஐடிஐ முடித்தாலும் பாலிடெக்னிக் கதவு திறந்தேதான் இருக்கிறது. இந்த வழிகளை இப்போதே தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது, தேர்ந்தெடுப்பது இப்போது வேண்டாம். அரசுப் பள்ளிகளில் 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் கீழ் உயர் வகுப்புகளுக்கு வழிகாட்டல் நடக்கிறது. அந்தக் கட்டத்தில் என்னைவிட மேல்நிலை வகுப்பு எடுக்கிற ஆசிரியர்கள் சொல்வதுதான் சரியாக இருக்கும்.

இப்படிப் பருவம் பருவமாகச் சுற்றிக் காட்டினால் பிள்ளை அந்தத் துறைக்கே போகுமா என்று கேட்டால், அதற்கு என்னிடம் உத்தரவாதம் இல்லை. மூன்று வருடம் விடாமல் என்னோடு பறவைக் கணக்கெடுப்புக்கு வந்த பையன் இப்போது வங்கியில் இருக்கிறான். ஒரு முறைகூட ஆர்வம் காட்டாமல் ஓரமாக நின்றவள் மீன்வளக் கல்லூரிக்குப் போனாள், தூத்துக்குடியில் 1977 முதல் இருக்கிற கல்லூரி. எது எதற்கு விதையாகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு வழி தெரியவில்லை. நிச்சயமாகச் சொல்ல முடிவது இவ்வளவுதான். இந்தப் பிள்ளைகள் முன்பின் தெரியாத பெரியவர்களிடம் நிமிர்ந்து பேசக் கற்றுக்கொண்டார்கள். பத்தாவதில் என்ன ஆகப் போகிறாய் என்று கேட்டபோது டாக்டர், இன்ஜினியர், போலீஸ் என்ற மூன்று பதிலைத் தாண்டிப் பேசினார்கள்.

மகன் நான்காவதுதானே, அவனுக்குத் துறை எதுவும் வேண்டாம். தொட்டுப் பார்க்கவும் எண்ணிப் பார்க்கவும் விடுங்கள். மகளுக்கு ஒரு நோட்டு வாங்கிக் கொடுங்கள். பக்கத்தின் மேலே தமிழ் மாதம், கீழே பார்த்த ஆளின் வேலை, நாலு கேள்விக்கும் பதில். அதை நீங்கள் திருத்த வேண்டாம், மதிப்பெண்ணும் போட வேண்டாம்.

ஆயுத பூஜைக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்கள் வண்டியைப் பழுது பார்க்கிற மெக்கானிக்கிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். அன்றைக்குப் பூஜை முடிந்து கூட்டம் சேருமுன் எத்தனை மணிக்கு வரலாம் என்று அவரே சொல்லுவார். பிள்ளைகளைச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகச் சொல்லுங்கள், பொரிகடலைக்கு ஒரு பையும் கொண்டுபோங்கள்.